எழுநூறு மாதா படங்களும் ஒரு செருப்பும்

1499 ஜூலை மாதம் கிரீட் தீவின் காந்தியா நகரத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதப்பட்டது. இன்றைக்கு அந்த ஊருக்கு ஹெராக்லியோன் என்று பெயர். அன்றைக்கு வெனிஸ்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஒரு பக்கம் இரண்டு வியாபாரிகள், மறுபக்கம் மூன்று ஓவியர்கள். ஆர்டர்: மாதா படம் 700. கெடு: 45 நாள். அதில் 500 லத்தீன் பாணியில் இருக்கணும், மிச்சம் 200 கிரேக்கப் பாணியில் இருக்கணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் வருது. மூணு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து. ஞாயிறையும் திருநாளையும் கழித்தால் இன்னும் கூடும். நம் மனசில் ஐகான் ஓவியர் என்றாலே ஒரு துறவி வருவார்: நோன்பிருந்து, ஜெபித்து, ஒரே படத்தை மாசக்கணக்கில் வரைவார். அப்படிப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் இருப்பது பட்டறை. அரைக்கிற கை ஒண்ணு, தங்கம் ஒட்டுற கை ஒண்ணு, முகம் எழுதுற கை ஒண்ணு.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கு. அதில் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் படங்கள், எல்லாம் ஒரே படம். இடைவிடா சகாய மாதா. வாட்ஸ்அப்பில் வந்தது, பங்குத் திருவிழா நோட்டீஸிலிருந்து வெட்டியது, பழைய ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த சின்னப் படத்தை ஸ்கேன் செய்தது, மெழுகுவர்த்தி அசைகிற ஜிஃப், கணினியில் புதிதாக வரைந்தது, இப்போது ஏஐ செய்து தருவது. "ஒரே படத்தை எதுக்குய்யா ஆயிரம் தடவை சேர்க்கிற?" என்று கேட்காதவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான குறிப்புகள்.

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் கத்தோலிக்க வீடு எதற்குள்ளாவது போயிருந்தால் பார்த்திருப்பீங்க. தங்க நிறப் பின்னணி. நீல முக்காடு போட்ட மாதா, நெற்றிக்கு மேலே ஒரு நட்சத்திரம். இடது கையில் குழந்தை. மேலே இரண்டு பக்கமும் அதிதூதர்கள்: நமக்கு இடப்பக்கம் மிக்கேல், ஈட்டியும் கடற்பஞ்சும் ஏந்தி, வலப்பக்கம் கபிரியேல், சிலுவையும் ஆணிகளும் ஏந்தி. குழந்தை அம்மாவைப் பார்க்கவில்லை. நம்மையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அந்தச் சிலுவை இருக்கிற பக்கம் பார்க்கிறது. இரண்டு கையாலும் அம்மாவின் வலது கையைப் பிடித்திருக்கிறது. ஒரு காலில் செருப்பு வார் அவிழ்ந்து தொங்குகிறது.

அந்தச் செருப்புதான் படத்தின் கதை. பிள்ளை தனக்கு வரப்போகும் சாவைப் பார்த்துப் பயந்து அம்மாவிடம் ஓடி வந்திருக்கிறது. வந்த வேகத்தில் செருப்பு கழன்றுவிட்டது. பாட்டிமார்கள் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ரூத் ஆகமத்தில் மீட்பு உரிமையை உறுதிப்படுத்தச் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிற வழக்கம் வருகிறதே, அதோடு இணைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. எனக்குப் பாட்டி சொல்வது போதும். மாதாவின் முகத்தில் இருக்கிற சோகத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த வகைப் படத்துக்குக் கலை வரலாற்றில் "திருப்பாடுகளின் கன்னி" என்று பெயர். சைப்ரஸ் தீவில் லகூதெரா கிராமத்துக் கோயிலில் 1192ஆம் ஆண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கு. அதிலேயே வானதூதர்கள் பாடுகளின் கருவிகளோடு வந்துவிட்டார்கள். ஆனால் நமக்குத் தெரிந்த இந்த அமைப்பைப் பரப்பியது பதினைந்தாம் நூற்றாண்டுக் கிரீட். குறிப்பாக ஆந்த்ரேயாஸ் ரிட்சோஸ் என்கிற ஓவியர். 1492இல் இறந்தவர்.

ரிட்சோஸைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தகவல் ஓவியம் பற்றியதே அல்ல, ஒரு கொள்முதல் பற்றியது. அவருக்கு முந்தைய தலைமுறையில் ஆங்கெலோஸ் அக்கோதாந்தோஸ் என்று ஒரு பெரிய ஓவியர் காந்தியாவில் இருந்தார். 1436இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கடல் பயணம் போகும் முன் உயில் எழுதினார். அந்தக் காலத்தில் கப்பல் ஏறுகிறவர் உயில் எழுதாமல் ஏறமாட்டார். அந்த உயிலில் தன் வேலைப் படிவங்களை, அதாவது மாதிரிக் கோட்டோவியங்களை, யாருக்குக் கொடுக்கணும் என்று தனியாக எழுதியிருக்கிறார். மனைவி வயிற்றில் இருக்கும் பிள்ளை ஆணாகப் பிறந்து ஓவியம் கற்றால் அவனுக்கு. இல்லை என்றால் தம்பி யோவான்னிஸுக்கு. கடைசியில் அவை தம்பியிடம்தான் போயின. 1477இல் அந்தத் தம்பி 54 படிவங்களை ரிட்சோஸுக்கு விற்றார்.

வீடு, நிலம், நகை மாதிரி இந்தத் தாள்களும் சொத்து. ஆரி வேலைக்கு ப்ளவுஸில் டிசைன் இறக்குகிறவர்களைப் பார்த்திருந்தால் இது எளிதில் புரியும். தாளில் கோடு நெடுக ஊசியால் துளை போடுவார்கள்; துணி மேல் வைத்துப் பொடி தேய்ப்பார்கள்; எடுத்தால் கீழே புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கியிருக்கும். ஐகான் பட்டறைகளிலும் இதே உத்திதான், பொடிக்குப் பதில் கரித்தூள். துளையிட்ட தாள் ஒன்று கையில் இருந்தால் நூறு மாதா செய்யலாம். நூறிலும் தலைச் சாய்வு ஒரே அளவில் இருக்கும், செருப்பு ஒரே இடத்தில் தொங்கும். நம் காலத்து மொழியில் சொன்னால், ரிட்சோஸ் 54 ஃபைல் வாங்கினார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. துளை வழியே இறங்குவது வெறும் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்க ஒரு கை வேண்டும், கண் வேண்டும். நூறாவது படத்திலும் செருப்பு வாரை ஒருத்தர் பார்த்துத்தான் வரையணும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பிறகு திரும்ப வருகிறேன்.

இப்போது ரோமுக்குப் போவோம். இன்று உலகம் முழுக்க இடைவிடா சகாய மாதா என்று வணங்கப்படும் மூலப் படம் அங்கே மெருலானா சாலையில், புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர், அகலம் 41 சொச்சம். நேரில் பார்க்கிறவர்கள் "இவ்வளவு சின்னதா?" என்பார்கள். கிரீட்டிலிருந்து ஒரு வியாபாரி இதைத் திருடிக்கொண்டு கப்பல் ஏறினார், புயலில் தப்பினார், ரோமில் சாகும்போது ஏதாவது ஒரு கோயிலில் வைத்துவிடச் சொல்லி நண்பரிடம் கொடுத்தார், நண்பரின் மனைவிக்குக் கொடுக்க மனசு வரவில்லை, மாதா அந்த வீட்டுச் சிறுமியின் கனவில் வந்தார் என்று பழைய கதை ஒன்று. படம் மத்தேயு ஆலயத்தில் வைக்கப்பட்ட நாள் 1499 மார்ச் 27 என்று அந்தக் கதை தேதியோடு சொல்கிறது. அதே 1499! எழுநூறு படங்களில் இதுவும் ஒன்றோ என்று ஆசைப்படத் தோன்றும். வாய்ப்பில்லை, ஒப்பந்தம் ஜூலையில்தான். ஆனால் இதைச் செய்த உலகமும் எழுநூறைச் செய்த உலகமும் ஒன்றே. இந்த மூலப் படமே ஒரு நகல்தான், அல்லது நகல்களுக்கு நடுவில் பிறந்த ஒன்று.

1798இல் பிரெஞ்சுப் படை ரோமில் இருந்தபோது மத்தேயு ஆலயம் இடிக்கப்பட்டது. படம் வேறொரு மடத்துச் சிற்றாலயத்தில் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. அறுபது வருஷம் கழித்து, இடிந்த கோயில் இருந்த அதே இடத்தில் ரிடெம்ப்டோரிஸ்ட் சபையினர் வீடும் ஆலயமும் கட்டியபோது பழைய படத்தின் நினைவு கிளம்பியது. சபையில் மிக்கேல் மார்கி என்ற குருவுக்குச் சிறுவயதில் அதைப் பார்த்த ஞாபகம். திருத்தந்தை ஒன்பதாம் பயஸிடம் போனார்கள். 1865 டிசம்பரில் அவர் படத்தை இந்தச் சபையிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: மாதாவை உலகம் முழுக்க அறியச் செய்யுங்கள். 1866 ஏப்ரல் 26 அன்று ஊர்வலமாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

உலகம் முழுக்க அறியச் செய்வது என்றால் நடைமுறையில் என்ன? ஒரே படம், சின்னப் படம், ரோமில். நகல் எடுப்பதைத் தவிர வழியில்லை. கல்லச்சில் வண்ணப்படம் அச்சிடும் தொழில் ஐரோப்பாவில் அப்போது பெருகியிருந்த காலம். பெரிய நகல்கள் பீடங்களுக்கு, சின்ன நகல்கள் ஜெபப் புத்தகத்துக்கு, உலோகப் பதக்கங்கள் கழுத்துக்கு. பிற்பாடு நம்மூரில் சிவகாசிக் காலண்டருக்கு, பஸ் டிரைவர் கண்ணாடிக்கு, ஆட்டோவின் பின்பக்கத்துக்கு. ஐநூறு லத்தீனுக்கும் இருநூறு கிரேக்கத்துக்கும் பிறகு வந்த ஆர்டர்கள் இவை.

படத்தோடு இன்னொரு திரும்பச்செய்தலும் சேர்ந்துகொண்டது: நவநாள். பெயரே சொல்கிறது, ஒன்பது நாள். ஒன்பதோடு முடியணும். ஆனால் 1920களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் முடியாத நவநாள் ஒன்று தொடங்கினார்கள், வாராவாரம் ஒரே நாளில், வருஷம் பூரா. அது பற்றிக்கொண்டது. 1948இல் மணிலாவின் பாக்லாரனில் தொடங்கியபோது வந்தவர்கள் சுமார் எழுபது பேர். இப்போது அங்கே புதன்கிழமை என்றாலே போக்குவரத்து நெரிசல். அதே 1948இல் மும்பை மாஹிம் மிக்கேல் ஆலயத்திலும் தொடங்கியது. சிங்கப்பூரில் 1987இல் திறந்த ரயில் நிலையத்துக்கே "நொவினா" என்று பெயர். தினமும் அங்கே இறங்கி ஏறுகிற நம்ம ஆட்களில் பலருக்கு அது நவநாள் என்ற சொல்தான் என்று தெரியாது. தமிழ்நாட்டில் எத்தனையோ பங்குகளில் புதன்கிழமை மாலை என்றால் சகாய மாதா நவநாள். இடைவிடா என்ற சொல் மாதாவின் உதவியைக் குறிக்கிறது. எனக்கென்னவோ அது கும்பிடுகிறவர்களையும் சேர்த்துக் குறிப்பதாகவே படும்.

நகல் எடுத்தால் மூலத்தின் மகிமை குறைந்துவிடும் என்பது இருபதாம் நூற்றாண்டில் வால்டர் பெஞ்சமினால் பிரபலமான எண்ணம். அவர் சொன்னது கலைப்பொருளுக்குப் பொருந்தலாம். பக்திப்படத்தின் வரலாறு நேர் எதிர் திசையில் போகிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, படங்களை உடைக்கணும் என்ற கட்சிக்கு எதிராக வாதாடிய தியோடோர் என்ற மடாதிபதி முத்திரை மோதிரத்தை உதாரணம் காட்டினார். மோதிரத்தை மெழுகில் அழுத்தினாலும் களிமண்ணில் அழுத்தினாலும் பதிவது ஒரே உருவம். பொருள் வேறு, உருவம் ஒன்று. பதியாத மோதிரத்தால் என்ன பயன்? அவர் கணக்கில், பதிவு பெருகப் பெருக முத்திரைக்கு நஷ்டமில்லை.

மக்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஜெர்மனியின் ஆகன் நகரில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாதாவின் ஆடை முதலான அருளிக்கங்களைக் கோயில் உச்சியிலிருந்து காட்டுவார்கள். கூட்டத்தில் கிட்டப் போக முடியாது. அதனால் யாத்திரிகர்கள் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அருளிக்கத்தின் பிம்பத்தை அதில் "பிடித்து" வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். 1430களின் கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் சிலர் கூட்டுச் சேர்ந்து இந்தக் கண்ணாடிகளை மொத்தமாகத் தயாரிக்க முதல் போட்டார்கள். யாத்திரை ஒரு வருஷம் தள்ளிப்போனது, கூட்டாளி ஒருவர் இறந்தார், விஷயம் 1439இல் கோர்ட்டுக்குப் போனது. அந்த வழக்கு ஆவணத்தால்தான் நமக்கு இது தெரியும். கூட்டாளிகளில் முக்கியமானவர் யோகான்னஸ் குட்டன்பர்க். ஆமாம், அச்சு இயந்திரத்துக்குப் பேர்போன அதே ஆள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தில் கடல் மாதிரி உயர்கிற செல்போன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆகன் கண்ணாடிதான் ஞாபகம் வரும்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதே "இதுதான் அவர்" என்ற உறுதியைத் தருகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கு. சிகாகோவின் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த இயேசுவின் தலைப்படம் 50 கோடி பிரதிகளுக்கு மேல் போனதாகச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் சட்டைப்பைக்குள் போனது. டேவிட் மார்கன் என்ற ஆய்வாளர் அந்தப் படம் பற்றி மக்களிடம் கடிதங்கள் கேட்டு வாங்கிப் படித்தார். இயேசு நிஜமாகவே இப்படித்தான் இருந்திருப்பார் என்று பலர் எழுதியிருந்தார்கள். சால்மன் இயேசுவைப் பார்த்ததில்லை, எழுதியவர்களும் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்திருந்தார்கள், சிறுவயதிலிருந்து, தினமும்.

சரி, என் ஃபோல்டருக்கு வருவோம்.

ஒரே படம் ஆயிரம் என்றேன். அருகருகே வைத்தால் ஒன்று இன்னொன்று இல்லை. முதல் அடையாளம் கிரீடம். 1867இல் ரோம் படத்தின் மேல் மாதாவுக்கும் குழந்தைக்கும் தங்கக் கிரீடம் பொருத்தினார்கள். 1990களில் படத்தைச் சீர்செய்தபோது எடுத்துவிட்டார்கள். ஆக, கிரீடம் இருந்தால் அந்த நகலின் மூதாதை பழைய புகைப்படம் அல்லது கல்லச்சு. கிரீடம் இல்லாமல் ஒளிவட்டம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சீரமைப்புக்குப் பிந்தைய புகைப்படம். நம்மூர் வாட்ஸ்அப்பில் இன்னும் கிரீடத்தோடுதான் சுற்றுகிறது. ரோமில் கழற்றிய கிரீடம் தூத்துக்குடியில் இன்னும் தலையில் இருக்கு!

இரண்டாவது அடையாளம் தேய்மானம். ஜேபெக் என்ற பட வடிவம் 1992இல் தரமாக வகுக்கப்பட்டது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அதிகம் தெரியாது என்று நினைக்கும் நுணுக்கங்களைத் தூக்கிப் போடும். வெளிச்சத்தை ஓரளவு காப்பாற்றும், நிறத்தை முதலில் தியாகம் செய்யும். சகாய மாதாவின் நீல முக்காட்டில் மடிப்புக்கு மடிப்பு மெல்லிய தங்கக் கோடுகள் ஓடும். கிரேக்க ஓவியர்கள் உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலை அது. ஜேபெக்குக்கு முதல் பலி அந்தக் கோடுகள்தான். வாட்ஸ்அப்பில் சும்மா ஃபார்வர்டு பண்ணினால் அதே ஃபைல்தான் போகும், தேயாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரம் வெட்டி, "காலை வணக்கம்" எழுதி மறுபடி அனுப்பினால் கட்டங்கள் இடம் மாறி மறுபடி ஒரு சுற்றுத் தேயும். ரோமில் பேதுரு ஆலயத்து வெண்கலப் பேதுருவின் வலது பாதம் யாத்திரிகர் கைபட்டே மழுங்கிப் போயிருக்கும், படத்திலாவது பார்த்திருப்பீங்க. கைபட்டுத் தேய்ந்த மாதாக்கள் என் ஃபோல்டரிலும் உண்டு.

அதில் பெரிய பங்கு என் பெரியம்மாவுடையது. அவங்களுக்கு ஃபார்வர்டு பட்டன் கடைசி வரை பிடிபடவில்லை. போன வாரம் அனுப்பிய படத்தைத் திறப்பாங்க, ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்க, அதை அனுப்புவாங்க. ஒவ்வொரு புதன்கிழமையும், நாலு வருஷத்துக்கு மேல். முதல் படத்தில் மாதாவின் நெற்றி நட்சத்திரம் எண்ணுகிற மாதிரி தெளிவாக இருக்கு. போகப் போக அது ஒரு மஞ்சள் பொட்டு. கடைசி வருஷப் படங்களில் முகம் தவிர மிச்சமெல்லாம் நிறம் நிறமாகக் கரைந்திருக்கு. ஆனால் ஸ்கிரீன்ஷாட் என்பதால் ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் மணியும் பேட்டரி அளவும் விழுந்திருக்கு. 5:12, எண்பது சதவீதம். 5:09, பன்னிரண்டு சதவீதம். 4:55. எப்போதும் விடியற்காலை, பூசைக்குக் கிளம்பும் முன்னால். ஒரே ஒரு படத்தில் மத்தியானம் 2:40. அது அவங்க ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்.

டிஸ்க் நிறைந்துபோன ஒருநாள் நண்பர் ஒருவர், இரட்டைப் படங்களைக் கண்டுபிடித்து அழிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அது படத்தைச் சுருக்கி, ஒரு எண் கைரேகை எடுத்து, ஒத்துப்போகிறவற்றைக் கூட்டமாகக் காட்டும். பெரியம்மாவின் இருநூற்றுச் சொச்சம் புதன்கிழமைகளையும் அது ஒரே கூட்டமாகக் கட்டி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கட்டுமா என்று கேட்டது. அதன் கணக்கில் தப்பே இல்லை. ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஒரே ஜெபம்தான். அந்த மென்பொருளிடம் கொடுத்தால் ஒரு மணியை விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்துவிடும். நான் "வேண்டாம்" அமுக்கினேன். புது டிஸ்க் வாங்கினேன், வேற வழி?

பக்தியா ஆராய்ச்சியா என்று இதைப் பிரிக்கச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல். பிரின்ஸ்டனில் 1917இல் சார்லஸ் ரூஃபஸ் மோரி என்ற பேராசிரியர், கிறிஸ்தவக் கலையில் எந்தக் காட்சி எங்கெங்கே திரும்ப வருகிறது என்று அட்டை அட்டையாக எழுதத் தொடங்கினார். மாதா மடியில் குழந்தை என்றால் அது இருக்கிற எல்லா ஓவியமும், சிற்பமும், தந்தப் பலகையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. நூறு வருஷம் ஆச்சு, இப்போது அது இணையத்தில் இருக்கு. "ஒன்றைப் பார்த்தால் போதாதா" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பத்தாயிரம் பார்த்த பிறகுதான் ஒரு குழந்தையின் கழுத்துத் திருப்பம் புதிது என்று தெரியும். பழைய விதிப்படி அந்த அட்டவணை 1400ஆம் ஆண்டோடு நின்றது. அதனால் நம்ம மாதாவுக்கு அப்போது அதில் இடமில்லை, அது வேறு கதை.

மூன்றாவது அடையாளம், இப்போது என்னைத் தொந்தரவு செய்கிற அடையாளம், செருப்பு.

கடந்த சில வருஷங்களாக வரும் படங்களில் பலவும் ஏதோ ஒரு செயலியில் "தெளிவாக்கப்பட்டவை". தேய்ந்த படத்தைப் போட்டால் பளபளவென்று திருப்பித் தரும். முகத்தில் பிசிறு இருக்காது, இமை முடி கூடத் தனித்தனியாகத் தெரியும். காலைப் பாருங்க. தொங்குகிற செருப்பு துணி மடிப்பாகிவிட்டது. சிலதில் இரண்டு காலிலும் ஒழுங்காக மாட்டியிருக்கு. ஒன்றில் வெறுங்கால். அந்தச் செயலி இல்லாததை யூகித்து நிரப்புகிறது. அது கற்ற கோடிக்கணக்கான படங்களில் குழந்தையின் செருப்பு காலில் இருக்கும் அல்லது இருக்காது, பாதி கழன்று தொங்காது. அதனால் சரிசெய்து விடுகிறது. முற்றிலும் ஏஐ உருவாக்கிய சகாய மாதாக்கள் இன்னும் ஒரு படி மேல்: குழந்தை நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. தூதர்கள் கையில் சிலுவைக்குப் பதில் பூ. பயம் போய்விட்டது. பயம் போனால் ஓடிவந்ததும் இல்லை, பிடித்த கையும் சும்மா அழகுக்கு.

2024இல் ஃபேஸ்புக்கில் இறால் உடம்போடு இயேசு படங்கள் பரவியது ஞாபகமிருக்கலாம். கீழே ஆயிரக்கணக்கில் ஆமென். பார்வைக் கணக்கை ஏற்ற ஏஐ படங்களைத் தொழிற்சாலை மாதிரி போட்டுத் தள்ளும் பக்கங்கள் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த வருஷமே எழுதினார்கள். பலரும் ஆமென் போட்டவர்களைக் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமென் போட்டவர்களில் நிஜ மனிதர்களும் இருந்திருப்பார்கள், என் பெரியம்மா மாதிரி. இங்கே இல்லாதது மோதிரம். தியோடோர் சொன்ன மெழுகு இருக்கு, களிமண் இருக்கு, பதிவு லட்சக்கணக்கில் இருக்கு. அழுத்திய முத்திரை எதுவும் இல்லை.

அதற்காக, கையால் செய்தது எல்லாம் பக்தி, கணினியில் செய்தது எல்லாம் போலி என்ற கட்சியில் நான் சேரமாட்டேன். 45 நாளில் 700 செய்த அந்த மூணு பேரும் காசுக்குத்தான் செய்தார்கள். கல்லச்சுக்காரரும் காசுக்குத்தான். முன்னே மனசில் வைக்கச் சொன்னேனே, கரித்தூள் புள்ளி: காசுக்குச் செய்தாலும் நூறாவது செருப்பையும் ஒருத்தர் பார்த்தாகணும். பார்க்காமல் நகல் எடுக்க வழியே இல்லாத காலம் அது. இப்போது யாருமே பார்க்காமல் ஒரு படம் ஆயிரம் கை மாறலாம். அதனால் பார்க்கிற வேலை, செய்கிறவரிடமிருந்து சேர்க்கிறவரிடம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் மாற்றி வைக்கிறேன்: வந்த தேதி, அனுப்பியவரின் ஊர், கிரீடம் உண்டா இல்லையா, செருப்பு எப்படி. ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். செருப்பு இல்லாதவற்றையும் அழிப்பதில்லை. "செருப்பு: இல்லை" என்று எழுதி வைக்கிறேன்.

போன மாசம் ஒரு பங்குத் திருவிழா ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. புகைப்பட நகல் இல்லை, கணினியில் கோடு கோடாகப் புதிதாக வரைந்த சகாய மாதா. கிரேக்க எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்து. செருப்பு தொங்குகிறது, வாரில் முடிச்சு கூட இருக்கு. கீழே இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். டிசைன் செய்தவர் சின்னப் பையன், கல்யாண பேனர்தான் அவருக்கு முழுநேர வேலை. பாட்டியின் ஜெபப் புத்தகத்தில் இருந்த படத்தை வைத்து ராத்திரிகளில் வரைந்தாராம். செருப்பைத் தனி லேயரில் போட்டிருக்கிறார். "ஏன் தம்பி அதுக்கு மட்டும் தனி லேயர்?" என்று கேட்டேன்.

"ஃப்ளெக்ஸுக்குச் சைஸ் மாத்தும்போது கீழ்ப்பக்கம் வெட்டுப்படும் சார். அப்ப அதை மேல நகர்த்திக்கலாம்ல. அது இல்லைன்னா வேற மாதா ஆயிடும்."

கேட்டவுடன் எல்லா அளவையும் அனுப்பி வைத்தார்: ஃப்ளெக்ஸ், ஆட்டோ ஸ்டிக்கர், பர்ஸில் வைக்கிற அட்டை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். மொத்தம் பதினொரு ஃபைல். ஆட்டோ ஸ்டிக்கரில் செருப்பு கிட்டத்தட்ட முழங்காலுக்கு ஏறியிருக்கு. பதினொன்றுக்கும் தேதியும் ஊரும் போட்டு வைத்தாச்சு.